எக்ஸ்ட்ரீம் மெட்டல் ஆல்பங்கள் எனக்கு ஏன் வெறும் இரைச்சலாகவே கேட்கின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அயர்ன் மெய்டன், மெட்டாலிகா போன்ற பிரபல மெட்டல் குழுக்கள் வரை உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. நண்பர் ஒருவர் ‘அண்டர்கிரவுண்ட் மெட்டல்னா இதுதான்’ என்று சொல்லி இரண்டு ஆல்பங்களைக் கொடுத்திருக்கிறார். ஒன்று, ஸ்வீடனின் என்டூம்ட் குழு செய்த ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’. மற்றது, நார்வேயின் டார்க்த்ரோன் குழு செய்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’. முதலாவது மரம் அறுக்கும் மில் ஓடுவது போலவும், இரண்டாவது ரேடியோவின் முள் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நின்றுவிட்டது போலவும் கேட்கிறது என்கிறீர்கள். ‘இதையெல்லாம் எப்படி ரசிப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உள்ளே உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: எனக்குக் கேட்காத ஏதோ ஒன்று இதில் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை எல்லோரும் ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிறார்களா? இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று காட்ட முயல்கிறேன். ஹெட்போன் பற்றிக் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன்.

சென்னையில் 20 வருடங்களுக்கு மேலாக ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்துவருகிறேன். பக்திப் பாடல், சினிமாப் பின்னணி, கச்சேரி என்று வந்த வேலையெல்லாம் செய்திருக்கிறேன். நடுவில் சில மெட்டல் குழுக்களையும் பதிவு செய்திருக்கிறேன். இந்த இசையைக் கல்லூரிக் காலத்திலிருந்தே கேட்கிறேன். ஒலி எப்படி உண்டாகிறது என்று கீழே சொல்வதெல்லாம் வேலையில் கற்றது, அதில் உறுதியாக நிற்பேன். எது அழகு என்று சொல்லும் இடங்களில் பேசுவது என் காது மட்டும்தான். அங்கே நீங்கள் தாராளமாக மாறுபடலாம்.

‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ எனக்கு முதலில் கேசட்டில்தான் கிடைத்தது. காப்பியின் காப்பி. ஹாஸ்டல் அறையில் போட்டுக் கேட்டவுடன் டேப் ரெக்கார்டர் ஹெட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மறுபடியும் அதே சத்தம். சில வருடங்கள் கழித்து சிடி கைக்கு வந்தபோதுதான், பதிவே அப்படித்தான் என்று தெரிந்தது. அந்தக் கிட்டார் ஒலியை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மர மில் ஞாபகம் வந்ததும் சரிதான். உலகம் முழுக்க ரசிகர்கள் அந்த ஒலிக்கு வைத்திருக்கும் பெயரே ‘செயின்சா’. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்டதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டது மட்டும்தான் பிசகு.

அந்த ஒலிக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. பாஸ் நிறுவனம் 1983 முதல் 1991 வரை தயாரித்த எச்எம்-2 என்ற டிஸ்டார்ஷன் பெடல் அது, கிட்டார் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் கருவி. மொத்தம் நான்கு திருகுகள். ஸ்டாக்ஹோமில் நிஹிலிஸ்ட் என்ற பெயரில் டெமோ (மாதிரிப் பதிவு) கேசட் வெளியிட்டுக்கொண்டிருந்த பதின்வயதுப் பையன்கள், நான்கையும் கடைசிவரை திருகி வைத்துவிட்டார்கள். 1989-இல் நிஹிலிஸ்ட் உடைந்து என்டூம்ட் ஆனது. தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளரின் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவான அவர்களுடைய முதல் ஆல்பத்தை 1990-இல் இங்கிலாந்தின் இயரேக் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த வருடம் டிஸ்மெம்பர் என்ற இன்னொரு ஸ்டாக்ஹோம் குழு அதே ஸ்டூடியோவில், அதே பெடலின் ஒலியில் தன் முதல் ஆல்பத்தைச் செய்தது. அந்தப் பெடலை முழுதாகத் திருகினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பகுதியும், 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு பகுதியும் தாறுமாறாக எழும்பும். அந்த 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான், கிட்டார் மூக்கால் பேசுவது போல ஆகிவிடும் என்று எங்களைப் போன்றவர்கள் மிக்ஸில் அடக்கி வைக்கும் இடம். ஸ்கோக்ஸ்பெர்க் அதை அடக்காமல் ஆல்பத்தின் முகமாகவே வைத்தார். இத்தனை வருட வேலைக்குப் பிறகும் அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் பாதி இரைச்சல் விலகிவிடும். சாதாரணமாக வளைந்து ஏறி இறங்கும் ஒலி அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கினால், அதில் இல்லாத மேல் ஸ்தாயி ஒலிகள் புதிதாகப் பிறக்கும். இரண்டு ஸ்வரங்களை ஒன்றாக அனுப்பினால் இன்னும் விசேஷம்: இரண்டின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும்கூடத் தனி ஒலிகளாக வெளியே வரும். ச, ப இரண்டும் 2-க்கு 3 என்ற விகிதத்தில் அதிர்பவை. வித்தியாசம் 1. அதாவது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ச, யாரும் மீட்டாமலே கேட்கும். இரண்டு விரலில் பிடித்த கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) அத்தனை கனமாக ஒலிப்பது இதனால்தான். அதோடு நடுவில் ஒரு காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசங்கள் ஒன்றோடொன்று முட்டிக் குழம்பிவிடும். ஆகவே என்டூம்ட் போன்ற டெத் மெட்டல்காரர்கள் (உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட மெட்டல் வகை இது) ஹார்மனியைச் சுருக்கிக்கொண்டு, அந்தச் செறிவை ரிஃப்பின், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கின் நடையிலும், ரிஃப்புகளை அடுக்கும் வரிசையிலும் வைக்கிறார்கள். மெய்டனில் நீங்கள் தேடிப் பழகிய கிட்டார் மெலடி இங்கே இல்லை என்று தோன்றுவது அதனால். அந்த மெலடி இருந்த இடத்தில் உடலால் உணரும் ஒரு நடை இருக்கிறது.

‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தின் முதல் பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தின் பெயரே அதற்கும். முதல் தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் தாளம் பாதியாகக் குறைகிறது, எந்த இடத்தில் இரட்டிக்கிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். இரண்டாம் தடவை, ஒரு ரிஃப் முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரங்களைக் கவனியுங்கள். பல்லவி, சரணம் என்று திரும்பி வரும் கட்டமைப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு காட்சிக்கு அடுத்த காட்சி என்பது போல நகரும். பின்பாதியில் வேகம் சட்டென்று அடங்கி, மெதுவான ஒரு மெலடி உயரத்தில் வந்து நிற்கும். அதுவரை கேட்ட நெரிசல் முழுக்க அந்த ஒரு இடத்துக்காகத்தான் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அதைச் செய்தபோது அவர்கள் எல்லோருக்கும் 20 வயதை ஒட்டித்தான் இருக்கும். பாடிய எல்.ஜி. பெட்ரோவ் 2021-இல் காலமானார். அன்று இரவு நான் கேட்டதும் அந்த இடத்தைத்தான்.

இனி டார்க்த்ரோன். உங்களைப் போலவே பலருக்கும் இங்கேதான் தடுக்குகிறது. ‘இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது, நல்ல ஸ்டூடியோவுக்குக் காசும் இல்லை, அதைக் கலை என்கிறார்கள்’ என்ற சந்தேகம் இயல்பானது. ஆனால் இந்தக் குழுவைப் பொறுத்தவரை அது தவறு என்று நிரூபிக்க முடியும். 1991-இல் வெளிவந்த இவர்களுடைய முதல் ஆல்பம் ‘சோல்சைட் ஜர்னி’ நல்ல தெளிவான, நுணுக்கமான டெத் மெட்டல். பதிவானது எங்கே தெரியுமா? ஸ்டாக்ஹோமில், அதே சன்லைட் ஸ்டூடியோவில். உங்கள் நண்பர் கொடுத்த இரண்டு ஆல்பங்களும் ஒரே அறையோடு தொடர்புடையவை; ஒன்று அந்த அறையில் பிறந்தது, மற்றது அந்த அறையை விட்டு விலகிப் போனவர்கள் செய்தது. அதே பாணியில் இரண்டாவது ஆல்பத்துக்கான பாடல்களையும் எழுதிக்கொண்டிருந்தவர்கள், அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1992-இல் ‘எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’ என்ற ஆல்பத்தை, பிளாக் மெட்டல் என்னும் மெல்லிய, கரடுமுரடான ஒலி கொண்ட வகையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். டெத் மெட்டலை எதிர்பார்த்திருந்த பீஸ்வில் நிறுவனம் அதைக் கேட்டுத் தயங்கியது. வெளியிடாவிட்டால் வேறு இடத்துக்குப் போகிறோம் என்று குழு பிடிவாதமாக நின்றது. வழி தெரியாதவர்கள் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள்.

1994-இல் வந்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ அந்த முடிவின் கடைசி எல்லை. எட்டுப் பாடல்கள், சுமார் 39 நிமிடம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாமே ஃபென்ரிஸ் என்ற ஒரே ஆள்; குரல் மட்டும் நாக்டர்னோ கல்ட்டோ. வீட்டிலேயே ஒரு 4 டிராக் கருவியில், அதாவது நான்கே ஒலித்தடங்கள் கொண்ட கருவியில் பதிவு செய்தது. இத்தனை வாத்தியங்களும் குரலும் நான்கு டிராக்கில் அடங்க வேண்டும் என்றால் டிரம்ஸின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி மைக் வைப்பது பற்றியெல்லாம் யோசிக்கவே முடியாது. அந்த நெருக்கடியை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் விஷயம். டிரம்ஸ் கிட்டத்தட்ட ஆல்பம் முழுக்க ஒரே வேகத்தில், அலங்காரமே இல்லாமல் ஓடுகிறது. நான்கைந்து நிமிடம் கேட்டபிறகு உங்கள் மூளை அதை ‘தாளம்’ என்று எண்ணுவதை நிறுத்திவிடும். மழை பெய்யும் சத்தம் போல அது பின்னால் போய்விடும். அப்போது முன்னால் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் மின்கம்பங்களும் மரங்களும் பறக்கின்றன, பார்வை ஒன்றிலும் நிற்பதில்லை. அந்த ஓட்டத்துக்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை மெதுவாகத் திரும்பிக்கொண்டே வருகிறது. பிளாக் மெட்டலில் கிட்டார் கையின் வேகமும் டிரம்ஸின் வேகமும் அந்த மின்கம்பங்கள். கார்டுகள் மாறும் வேகம் அந்த மலை. கிட்டாரில் ஒரே கார்டை விடாமல் படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அது வேகம் என்ற உணர்வைத் தாண்டி ஒரு நீண்ட, நடுங்கும் ஒற்றை ஒலியாகிவிடுகிறது. அப்படிப்பட்ட சில நீண்ட ஒலிகள்தான் ஒரு ரிஃப். அதனால் காகிதத்தில் மிக வேகமான இந்த இசை, சரியான இடத்தில் காது வைத்தால் மெதுவானது, கிட்டத்தட்ட அசையாமல் நிற்பது. கம்பங்களை எண்ண முயல்கிறவருக்குத் தலைவலிதான் வரும். நீங்கள் செய்துகொண்டிருந்தது அதுதான் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் மெய்டனை அப்படித்தான் கேட்க வேண்டும், அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்பதற்காகவே வைக்கப்பட்டது. டார்க்த்ரோனில் கிட்டார் டெத் மெட்டல் அளவுக்குக் கனமாகவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அடிப்பகுதியைக் குறைத்து, மெல்லிய, கூரான ஒலியில் வைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே மைனர் கார்டுகளை முழுதாகப் பிடித்தாலும் குழம்பாமல் பனிமூட்டம் போல விரிகிறது. ‘ரேடியோ முள்’ என்று நீங்கள் சொன்ன அந்தச் சீற்றத்துக்குள்தான் அந்தக் கார்டுகள் இருக்கின்றன. ஒலியைக் கூட்டாமல் கொஞ்சம் குறைத்து வைத்து, அறையின் அடுத்த மூலையில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நெருங்கிப் போனால் மறைந்துவிடும் ஓவியங்கள் உண்டு, இது அந்த ரகம்.

குரல் பற்றி ஒரு வார்த்தை. உறுமலில் சொல் புரியவில்லை என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டாம். குரல்நாண்களுக்குச் சற்று மேலே, பொய்க் குரல்நாண்கள் என்று சொல்லப்படும் மடிப்புகள் இருக்கின்றன. பேச்சில் அவை பெரும்பாலும் சும்மா இருக்கும். அவற்றையும் அதிரவைத்தால் அடிக்குரலுக்கும் கீழே ஒரு கரகரப்பு சேரும். ரஷ்யாவின் துவா பகுதியின் நாட்டுப்புறப் பாடகர்கள் கர்கிரா என்ற பாடுமுறையில் செய்வதும் அதைத்தான். பின்லாந்தின் டெமிலிச் குழு 1993-இல் வெளியிட்ட ‘நெஸ்பித்தே’ ஆல்பத்தில், குரலில் எந்த எஃபெக்டும் சேர்க்கவில்லை என்று அச்சடித்தே கொடுத்தார்கள். அத்தனை நம்ப முடியாத அடி ஆழம். இந்தக் குரலைப் பாட்டாகக் கேட்காமல் ஒரு தோல் கருவியைக் கேட்பது போலக் கேளுங்கள்: எந்த எழுத்தில் அடிக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார், ரிஃப்போடு சேர்ந்து விழுகிறாரா, தள்ளி விழுகிறாரா. பாடல் வரிகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வது அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ‘மட்டமான பதிவு எல்லாமே வேண்டுமென்றே செய்தது’ என்று சில ரசிகர்கள் அடித்துப் பேசுவார்கள். டார்க்த்ரோன் விஷயத்தில் ஆதாரம் இருக்கிறது, சொன்னேன். எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்வீடனின் பாத்தரி 1980களில் பதிவு செய்த இடம் ஒரு கார் ஷெட்டை மாற்றி அமைத்தது. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே நகரத்தில் கோகுமெலோ என்ற ரெக்கார்டு கடைதான் நிறுவனமாகவும் மாறி, செபுல்ட்டுராவின் ‘மோர்பிட் விஷன்ஸ்’ ஆல்பத்தை 1986-இலும், சார்க்கோஃபாகோவின் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ ஆல்பத்தை 1987-இலும் வெளியிட்டது. அந்தப் பையன்களுக்குக் கிடைத்த கருவியும் காசும் அவ்வளவுதான். வாய்ப்புக் கிடைத்தவுடன் செபுல்ட்டுரா எவ்வளவு தெளிவான பதிவுகளுக்குப் போனார்கள் என்று பார்த்தாலே தெரியும். இல்லாமையிலிருந்து வந்த அந்த ஒலியை நார்வேயில் சில பையன்கள் தேய்ந்த கேசட்டுகளில் கேட்டு, அதிலிருந்த அச்சத்தை விரும்பி, வேண்டுமென்றே தேடிப் போனார்கள். ஒரு ஊரின் வறுமை இன்னொரு ஊரில் பாணி ஆனது என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு, இதை வேறு மாதிரிச் சொல்பவர்களும் உண்டு.

கேசட் என்றதும் சொல்ல வேண்டும், ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல்லுக்கு அன்று அஞ்சல்பெட்டி என்றுதான் அர்த்தம். ஒரு நாட்டுப் பையன் டெமோவை கேசட்டில் ஏற்றி இன்னொரு நாட்டுப் பையனுக்கு அனுப்புவான். கூடவே வேறு குழுக்களின் துண்டு நோட்டீஸ்கள். தபால்தலையின் மேல் பசையோ சோப்போ தடவி அனுப்புவார்கள். முத்திரை மையைக் கழுவி எடுத்து அதே தபால்தலையை மறுபடியும் ஒட்டுவதற்காக. நார்வேயின் மேஹெம் குழு 1987-இல் ‘டெத்க்ரஷ்’ இசைத்தட்டை 1000 பிரதிதான் அச்சிட்டது. இந்த அபூர்வம் பிறகு ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. கிடைக்காதது எல்லாம் மேலானது என்று நம்பும் கூட்டம் இந்த ரசிகர்களுக்குள் உண்டு, உங்கள் சந்தேகம் அவர்களைப் பார்த்து வந்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. 1000 பிரதி என்பது விலையைப் பற்றிய செய்தி. இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1990களில் வந்த பதிவுகளில் முக்கால்வாசி, கேட்டுவிட்டு மறந்துவிடக்கூடியவை. எல்லா இசை வகைகளிலும் நிலவரம் அதுதான்.

நல்ல ஆல்பங்களை எனக்கு அடையாளம் காட்டிக்கொடுப்பது அவற்றின் அறை. அமெரிக்காவில் புளோரிடாவின் டாம்பா நகரத்தில் மோரிசவுண்ட் ஸ்டூடியோ. டெத் குழுவின் ‘லெப்ரசி’, ஒபிச்சுவரியின் முதல் ஆல்பம், மோர்பிட் ஏஞ்சலின் ‘ஆல்ட்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ எல்லாம் 1988, 1989-இல் அங்கிருந்து வந்தவை. இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அத்தனை வேகமாக மிதிக்கும்போது அதன் அடிநாதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் முழக்கமாகிவிடும். அதைத் தவிர்க்க, மிதிக்கட்டை தோலில் படும் ‘டிக்’ ஓசையைத் தூக்கி வைப்பார்கள். இன்று எல்லோரும் செய்வதை அங்கே உலர்ந்த, நெருக்கமான ஒலியில் செய்து பழக்கினார்கள். நார்வேயின் பெர்கன் நகரத்திலோ இசைமேதை கிரீக் பெயரில் ஒரு பெரிய கச்சேரி அரங்கம், கிரீக்ஹாலன். சிம்பொனி வாசிக்கும் அந்தக் கட்டடத்தில்தான் பிட்டன் என்று அழைக்கப்படும் எய்ரிக் ஹுண்ட்வின், மேஹெம் குழுவின் ‘டி மிஸ்டீரிஸ் டோம் சதானாஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். எம்பரர் குழுவின் ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’ ஆல்பமும் அங்கேதான். இரண்டும் 1994-இல் வெளிவந்தன. மேஹெம் ஆல்பத்தின் டிரம்ஸைக் கேளுங்கள், சுவர்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரியும். டாம்பாவையும் பெர்கனையும் அடுத்தடுத்துக் கேட்டால், ‘எல்லாம் ஒரே இரைச்சல்’ என்ற எண்ணம் உங்களுக்கு அரை மணி நேரத்தில் போய்விடும் என்று நினைக்கிறேன்.

மேஹெம் ஆல்பத்தைச் சொன்னபிறகு மற்றதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. அதில் கிட்டார் வாசித்த யூரோனிமஸை, அதே ஆல்பத்தில் பேஸ் வாசித்த வர்க் விகெர்னஸ் 1993 ஆகஸ்டில் கொலை செய்தார். ஆல்பம் வெளிவந்தது அதற்குப் பிறகு. 1992-இலிருந்து நார்வேயில் பழமையான மரத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. உங்களிடம் இருக்கும் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தில் நான்கு பாடல்களின் வரிகள் விகெர்னஸ் எழுதியவை. முதலில் அச்சான அட்டையின் பின்புறத்தில் ‘நார்வேஜிய ஆரிய பிளாக் மெட்டல்’ என்ற வாசகம் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது, குழு வருத்தமும் தெரிவித்தது. நான் அந்த ஆல்பத்தைக் கேட்கிறேன், அந்த வாசகம் இருந்தது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் இனவெறியைக் கொள்கையாகவே வைத்திருக்கும் குழுக்கள் இந்த வகையில் இருக்கின்றன. அவர்களுக்கு என் பணமும் நேரமும் போகாது, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும். ‘கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்’ என்று உங்களிடம் யாராவது சொன்னால், எங்கே பிரிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அட்டையையும் வரிகளையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நண்பர் கொடுத்த வரிசை உங்களுக்கு ஏற்றதில்லை. மெட்டாலிகாவிலிருந்து வருபவருக்கு ‘ஆல்ட்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ நல்ல வாசல். ரிஃப்புகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும், பீட் சாண்டோவலின் டிரம்ஸ் மூச்சு வாங்க வைக்கும், முதல் பாடலே ஒரு ரிஃப்பைப் பின்னோக்கி ஓடவிட்டுத்தான் தொடங்கும். அட்டை ஓவியத்தையும் பாருங்கள், டான் சீக்ரேவ் வரைந்தது. ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ அட்டையும் அவருடையதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இசை எந்த மாதிரி இடத்தைக் கற்பனை செய்கிறது என்று புரியும். அதன்பிறகு என்டூம்டுக்குத் திரும்புங்கள். வேகம்தான் உங்களுக்குத் தடை என்றால் எதிர்த் திசையில் போகலாம். பின்லாந்தின் தெர்கோத்தான் 1994-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீம் ஃப்ரம் த ஹெவன்ஸ்’ ஆமை வேகம், ஆஸ்திரேலியாவின் டிஸெம்பவல்மென்ட் 1993-இல் செய்த ஒரே முழு ஆல்பத்தில் ஆமை வேகமும் புயல் வேகமும் ஒன்றாக வரும். சிங்கப்பூரின் ருத்ரா குழுவையும் கேளுங்கள். 1992-இல் அங்குள்ள இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கியது, சமஸ்கிருத ஸ்லோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் டெத் மெட்டலுக்குள் கொண்டுவந்தார்கள். 2005-இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ எனக்குப் பிடித்தது. டார்க்த்ரோன் இவை எல்லாவற்றுக்கும் பிறகு. ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் முழுதாகக் கேளுங்கள், தனிப் பாடலாகப் பொறுக்கினால் வேகம் அடங்கும் இடங்களின் அருமை போய்விடும். மூன்று தடவை, வேறு வேறு நாட்களில். அதற்குப் பிறகும் உங்களுக்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ரசனையை யாரும் யாருக்கும் உத்தரவாதமாகத் தர முடியாது, நானும் தரவில்லை.

கடைசியாக ஹெட்போன். விலை உயர்ந்த ஒன்றை வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆல்பங்களுக்காக வேண்டாம். முதலில் ஃபைலைப் பாருங்கள். டிஸ்டார்ஷன் கிட்டாரும் விடாமல் அடிக்கும் சிம்பலும் ஒலியியல் கணக்கில் இரைச்சலுக்கு மிக நெருக்கமானவை, குறைந்த பிட்ரேட் எம்பி3-க்குச் சுருக்கவே முடியாத சமாச்சாரம். பழைய 128 கேபிபிஎஸ் ஃபைலில் சிம்பல் தண்ணீரில் கரைந்தது போல ‘ஸ்வீஷ்’ என்று கேட்கும். நீங்கள் சொன்ன ரேடியோ சத்தத்தில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம். சிடியிலோ நல்ல தரமான ஸ்ட்ரீமிங்கிலோ ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கோக்ஸ்பெர்க் துணிந்து வைத்த அந்த 1 கிலோஹெர்ட்ஸைத்தான் பல ஃபோன்களின் ‘ராக்’ செட்டிங் முதலில் குழிதோண்டிப் புதைக்கிறது. ஒலி அளவு மிதமாக இருக்கட்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இந்த இசையில் மௌனமான இடமே குறைவு, காதுக்கு இடையில் ஓய்வு கிடைக்காது. ஆகவே ஒரு ஆல்பம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்ததை மறுநாள் கேளுங்கள்.